படி

க்தான்ஸ்க் நகரில் அந்த வசந்தம்
ஈரக் கம்பளி வாசனையோடு வந்தது.
இறைச்சிக்கு வரிசை, காகிதத்துக்கு வரிசை.
ஆய்வுக்கூடத்தில் அகார் தீர்ந்துபோய்
பழைய தட்டுகளைச் சுரண்டி, உருக்கி,
மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

என் வேலை எண்ணுவது:
ஒரு பாக்டீரியாவுக்குள் எத்தனை பிளாஸ்மிட்.
சின்ன டி.என்.ஏ. வளையம் அது,
குரோமோசோமோடு உறவில்லாத குடித்தனக்காரன்.
ஐந்து இருக்கலாம், எட்டு இருக்கலாம்.
ஒன்றே ஒன்றென்றால்
செல் பிரியும் நாளில் ஒரு மகள்
வெறுங்கையோடு போவாள்.
எண்பதென்றால்
சோறு போட்ட வீடே படுத்துவிடும்.
போதும் என்று அதற்கு
யார் சொல்கிறார்கள்?

இரவில் தம்பி இரெக் வருவான்,
நகக்கண்ணில் கறுப்பு மை.
பகலில் கப்பல் தளத்தில் பற்றவைப்பு,
பிறகு ரொட்டிக்கடை நிலவறையில்
ஒரு கிழட்டு சைக்ளோஸ்டைல்.
எத்தனை படி எடுத்தாய் என்று கேட்பேன்.
"எண்ணினால் கேட்கும்போது சொல்லத் தோன்றும், லுட்கா"
என்று சூப்பைக் குடிப்பான்.

ஒருநாள் அவனுக்குக் காட்டினேன்,
ஊறுகாய் ஜாடியின் இரப்பர் வளையங்களும்
துணி மாட்டும் மரக் கிளிப்புகளும் கொண்டு.
வளையத்தில் ஓரிடத்தில்
ஒரே சொல் ஐந்து முறை எழுதியிருக்கிறது.
வளையமே ஒரு புரதம் செய்கிறது.
புரதம் வந்து அந்தச் சொற்களைக் கவ்வினால்
படியெடுப்பு தொடங்கும்.
கிளிப், கிளிப், கிளிப்.
வளையங்கள் கூடி நெருக்கமானால்
இதன் கிளிப்பும் அதன் கிளிப்பும்
ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.
இரண்டும் நிற்கும்.
செல் வளர்ந்து இடம் அகலும்வரை பிடி விடாது.
இதற்கு நாங்கள் வைத்த பெயர் கைவிலங்கு.

அவன் சிரிக்கவில்லை.
வளையங்களை இழுத்துப் பார்த்தான்.
"எங்கள் வழக்கமும் இதுதான்.
டிராமில் முகமறியாத ஒருவன்
நம் தாளையே நமக்கு நீட்டினால்
அந்த வாரம் அச்சு இல்லை.
ஊரில் போதுமானது இருக்கிறது என்று பொருள்.
மேலே இருந்து யாரும் சொல்வதில்லை.
மேலே என்று யாரும் இல்லை."

மே மாதம் போகுஷுக்கு எங்கிருந்தோ
கட்டுக் கட்டாய்க் காகிதம் கிடைத்தது.
நல்லவன். நிறுத்தத் தெரியாதவன்.
ஆறாயிரம்.
ஒரே குடியிருப்பின் படிக்கட்டில்
வெள்ளைவெள்ளையாய், மூன்றாம் மாடிவரை.
அந்தத் தடத்தைப் படித்துக்கொண்டே
போலீஸ் இறங்கி வந்தது,
ரொட்டிக்கடைவரை.

அதே வாரம் என் ஜெல்லில்
ஒரு திரிபு மாட்டியிருந்தது.
புரதத்தில் ஓரெழுத்து மாறியிருக்க வேண்டும்;
கவ்வும், ஆனால் கைகோக்காது.
புற ஊதா விளக்கின்கீழ்
ஆரஞ்சு நிறத்தில் தடித்த பட்டை,
பக்கத்துப் பட்டைகள் தெரியாத அளவு வெளிச்சம்.
தட்டிலோ அதன் குடும்பங்கள்
ஊசிமுனை அளவே, வெளிறி.
குழாயில் தேதி எழுதினேன்.
பெயர் எழுத மனம் வரவில்லை.

இரெக்கைப் பார்க்க விடவில்லை.
மூன்று வாரம் டிராமில்
யாரும் யாருக்கும் எதையும் நீட்டவில்லை.
எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.
நகரம் அகன்றுவிட்டது,
நாங்கள் அப்படியே இருந்தோம், அல்லது குறைந்தோம்;
கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.
அவன் பழைய கோட்டின் உள்துணிக்குள்
ஒரு ஸ்டென்சில், மடியாமல்.
இயந்திரத்தைக் கொண்டுபோயிருந்தார்கள்.
துணி பிழியும் உருளை எங்கள் ஆய்வுக்கூட அடித்தளத்தில் இருந்தது.
பதினொரு படி இறங்கினேன்.

எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தேன்.
இருநூற்றுப் பதினேழு. தொழில் பழக்கம்.

நான்கு வாரம் அப்படி.
பிறகு ஒரு வியாழன், துறைமுகப் பக்கம் போகும் டிராமில்
பச்சைத் தொப்பி அணிந்த ஒரு பெண்
என் மடியில் எதையோ வைத்துவிட்டு இறங்கினாள்.
அதே சொற்கள்.
மை என்னுடையதல்ல.
எழுத்தின் வால்கள் வேறு மாதிரி வளைந்திருந்தன.

அன்றிரவு நான் படி இறங்கவில்லை.
உருளைக்கிழங்கு வேகவைத்தேன்,
விளக்கை அணைத்தேன்,
நெடுநாளைக்குப் பிறகு தூங்கினேன்.